பின்னாடி எழுதியிருக்கிற நம்பர்

இல்லைங்க தம்பி, பை மடியிலேயே இருக்கட்டும். பின்னாடி வச்சா இறங்கும்போது மறந்துட்டுப் போயிடுவேன். என் ஞாபகம் அந்த லட்சணத்துல இருக்கு. பெருசா ஒண்ணுமில்லை. நூல் கண்டு, இஞ்ச் டேப்பு, ஒரு தண்ணி பாட்டில், வீட்டுக்காரரோட செல்போன். அவ்வளவுதான். நான் வீட்லயே துணி தைக்கிறேன். டோல்கேட்டுக்குப் பக்கத்துல ஒருத்தங்களைப் பாக்கணும். பஸ்ஸுக்கு நின்னு நின்னு காலே வீங்கிப் போச்சு. நல்லவேளை, நீங்க டீ குடிக்க லாரியை நிறுத்தினீங்க. ஏறுங்கக்கான்னு ஒரு வார்த்தை சொன்னீங்களே, அதுக்கே புண்ணியம் உண்டு. இவ்வளவு உசரத்துல இருந்து ரோட்டைப் பாத்ததே இல்லை நான். கீழ போறவங்க எல்லாம் பொம்மை மாதிரி இருக்காங்க, இல்ல?

கோவிச்சுக்கலைன்னா அந்தப் பாட்டைக் கொஞ்சம் கம்மி பண்ணிக்கலாமா? எனக்கு ஒத்தைத் தலைவலி. ஆங், போதும். ஓ, நிறுத்தியே விட்டுட்டீங்களா, ரொம்ப நல்லது. கண்ணாடியையும் ஏத்திக்கிறேன், தூசி எனக்கு ஆகாது. இது எந்தப் பக்கம் சுத்தணும்? இப்படியா? சரி சரி, வந்துடுச்சு. இப்பத்தான் நம்ம பேசுறது நமக்கே கேக்குது.

பஞ்... சர்... ஒட்... டப்... படும். டோல்கேட் இருபத்தி நாலு கிலோமீட்டர். சிரிக்காதீங்க தம்பி. என்னை அஞ்சாவதோட நிறுத்திட்டாங்க. கத்துக்கிட்ட நாலு எழுத்தும் மறந்துடக் கூடாதுன்னு போற வழியெல்லாம் போர்டைப் படிச்சுக்கிட்டே போவேன். மனசுக்குள்ள படிக்க வராது, வாய்விட்டாத்தான் வரும். வீட்டுக்காரர் சொல்லுவாரு, உன்கூட பஸ்ல வந்தா கண்டக்டரே தேவையில்லைடின்னு.

அய்யோ, அய்யோ, மெதுவா! முன்னாடி போற கார்ல குழந்தைங்க இருக்கு தம்பி, பின் கண்ணாடியில மூஞ்சி தெரியுது பாருங்க. விடுவாரு, விடுவாரு, அவரு எங்க போவாரு, அந்தப் பக்கம் பள்ளம் தோண்டியிருக்காங்க இல்ல. இந்த ஹாரன் என் காதுக்குள்ள புகுந்து வயித்துக்குள்ள இறங்குது. வேலை செய்யற பிரேக்கு இருக்குல்ல இந்த வண்டியில? இல்லை, கேட்டேன். பிரேக் பிடிச்சா வேகம் போயிடும், திரும்ப கியர் மாத்தணும், டீசல் குடிக்கும், ஆமா, நீங்க சொல்றதும் நியாயந்தான். அதனால முன்னாடி போறவன்தான் ஒதுங்கணும். ஒதுங்கிட்டாரு. குழந்தைங்க அழுவுதுங்க பாவம்.

நான் கொஞ்சம் பயந்த சுபாவம். தைக்கிற மிஷின்ல ஊசி உடைஞ்சாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க, நான் பாட்டுக்குப் பேசுறேன். பேசலைன்னா பயம் வந்துடும் எனக்கு.

ஏறும்போது பாத்தேன், பின்னாடி மஞ்சள் பெயிண்ட்ல எழுதியிருக்கு. இந்த வண்டி தாறுமாறாக ஓட்டப்பட்டால் கீழ்க்கண்ட எண்ணுக்குத் தெரிவிக்கவும்னு. அழகா எழுதியிருக்காங்க. யாராச்சும் தெரிவிப்பாங்களா தம்பி?

என்ன, அந்த நம்பரே தப்பா? நெஜமாவா? ஓ... எழுத்துத் தகடு வெட்டினவரு பண்ணின வேலையா. ஒரு எண்ணை மாத்தி வெட்டிட்டாரு, அந்தத் தகட்டை வச்சே பத்து வண்டிக்கும் பெயிண்ட் அடிச்சாச்சு. டிரைவருங்களுக்கெல்லாம் தெரியும், முதலாளிக்குத்தான் தெரியாது. ஒரு புகாரும் வரலையேன்னு அவரு உங்க எல்லாரையும் சொக்கத் தங்கம்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. யாரும் போய்ச் சொல்லலை. அதானே, யாரு சொல்லுவா.

அடேயப்பா. ரெண்டு வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தேன் தம்பி, எங்க வீட்டு நம்பர் எப்படி லாரிக்குப் பின்னாடி போச்சுன்னு. இப்பத்தான் வெளங்குது.

ஆமா. அது எங்க வீட்டு நம்பர்தான். சத்தியமா. ரெண்டு கையையும் ஸ்டியரிங்ல வைங்க, அப்புறம் சிரிக்கலாம்.

எவ்வளவு வேணா சிரிங்க. நானும் மொத நாள் சிரிக்கலை, அப்புறம் சிரிச்சேன். மொத நாள் ஒரு ரவிக்கைக்குக் கை வச்சுத் தச்சுக்கிட்டு இருக்கேன், போன் அடிக்குது. எடுத்தா, ஒரு ஆளு, உங்க வண்டிக்காரன் என்னைக் கொல்லப் பாத்தான்னு கத்துறாரு. எனக்கு உசுரே போச்சு. என் வீட்டுக்காரரு சைக்கிள்லயே பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு மிதிக்கிற ஆளு, அவரு யாரைக் கொல்லப் போறாரு? ராங் நம்பருங்கன்னு சொன்னேன். விடுவாரா? கொட்டை எழுத்துல எழுதி வச்சுட்டு ராங் நம்பரா, டிரைவரைக் காப்பாத்துறியா, நீயும் கூட்டான்னு பிடிச்சு வாங்கிட்டாரு. அடுத்த மூணு பேரும் அதே பாட்டு.

அஞ்சாவதா ஒருத்தர் போன் பண்ணாரு. எனக்கு அலுத்துப் போச்சு. சரிங்க, வண்டி நம்பரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன், நடவடிக்கை எடுக்கிறோம்னு சொல்லிட்டேன். அவ்வளவுதான் தம்பி. பொங்குற பாலை இறக்கி வச்ச மாதிரி அடங்கிட்டாரு. ரொம்ப நன்றிங்க மேடம்னாரு.

மேடம். என்னை. கிட்ட வந்து அளவு குடுக்கிறவங்களே ஏ டெய்லரம்மான்னுதான் கூப்பிடுவாங்க. அன்னைக்கு முழுக்க ஊசியில நூல் கோக்கும்போதெல்லாம் அந்த வார்த்தை காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

சி... மெண்ட்... ஆலை. வலது பக்கம். பெரிய கேட்டு, பச்சை பெயிண்ட். எவ்வளவு புகை பாருங்க. டோல்கேட் பதினெட்டு கிலோமீட்டர்.

அதுக்கப்புறம் அதுவே வழக்கமாப் போச்சு. வீட்ல அளவு நோட்டு ஒண்ணு வச்சிருக்கேன், முன்பக்கம் ரவிக்கை அளவு, நோட்டைத் திருப்பிப் பிடிச்சா லாரி. தேதி, மணி, எந்த இடம், வண்டி நம்பர், என்ன பண்ணுச்சு. ஒட்டிக்கிட்டே பின்னால வந்துச்சு. லைட்டை அடிச்சு அடிச்சு மிரட்டுச்சு. வளைவுல ஏறிச்சு. ஆம்புலன்ஸுக்கு வழி விடலை. எல்லாம் என் கையெழுத்துல இருக்கு, கோணல் மாணலா. போன்ல இருக்கிறவங்க பயத்துல நடுங்குவாங்க தம்பி. பொம்பளைங்க அழுவாங்க. நான் மொதல்ல ஓரம் கட்டுங்கன்னு சொல்லி, மூச்சு விடச் சொல்லி, அப்புறந்தான் நம்பர் கேப்பேன். புத்தியும் சொல்லுவேன். போட்டி போட்டு முந்தாதீங்க. கையை நீட்டித் திட்டாதீங்க. அவன் போகட்டும், நீங்க பின்தங்கிக்கோங்க. விடாம வந்தா ஆளு நடமாட்டம் இருக்கிற எடமாப் பாத்து நிறுத்துங்க, பெட்ரோல் பங்க், ஓட்டல் வாசல், அந்த மாதிரி. அதுதான் நான் எல்லாருக்கும் சொல்றது. எல்லாருக்கும்.

வீட்டுக்காரரு திட்டுவாரு. உனக்கு எதுக்குடி இந்த வேலை, நம்பரை மாத்துன்னு. எப்படி மாத்துறது, வாடிக்கைக்காரங்க எல்லாருக்கும் அந்த நம்பர்தானே தெரியும்? அப்படின்னு சொன்னேன். உண்மையைச் சொல்லணும்னா, எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. நான் ஒரு ஆபீஸு மாதிரி இருந்தேன். எங்க வீட்டுத் திண்டாட்டத்துல நான் சொல்றதை யாரு கேட்டா? அவங்க கேட்டாங்க.

அதுலதான் தப்பு இருக்கு தம்பி. அவங்க எல்லாரும் ஒரு எடத்துல சொல்லியாச்சுன்னு நிம்மதியாப் போயிட்டாங்க. போலீஸுக்குப் போகலை. முதலாளியைத் தேடிப் போகலை. மேடம்கிட்டச் சொல்லியாச்சு, மேடம் நடவடிக்கை எடுத்துடுவாங்க. மேடம் நோட்டை மூடி வச்சுட்டுப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கிட்டு இருந்தா.

மொத்தம் நூத்தி எண்பத்தி ரெண்டு கால். பத்து வண்டியில ஒன்பது வண்டிக்கு நூத்திப் பதினஞ்சு. மிச்சம் அறுபத்தி ஏழும் ஒரே வண்டி.

உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே. முப்பத்திமூணு எழுபத்தி நாலு. உங்க வண்டிதான்.

பெருமைப்படுற விஷயமா இது? சிரிக்கிறீங்க. சரி, சிரிங்க. எனக்கு உங்களை நேர்ல தெரியாதே தவிர, எல்லாம் தெரியும். செவ்வாயும் வெள்ளியும் இந்த ரோடு. செவ்வாய்க்கிழமை லோடு இருக்கும், கொஞ்சம் அடங்கி ஓட்டுவீங்க. வெள்ளிக்கிழமை காலி வண்டி, அன்னைக்குத்தான் எனக்குப் போன் ஓயாது. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. ரெண்டரை மணிக்கு டயர் கடை எதிர்ல டீ. வலது கையில சிவப்புத் துண்டு சுத்தியிருப்பீங்க, ஜன்னல் வழியா அதை ஆட்டித்தான் ஒதுங்குங்கன்னு சொல்லுவீங்க. அதையும் யாரோ சொன்னாங்க, எழுதி வச்சிருக்கேன்.

பஸ்ஸுக்கு நின்னேன்னு சொன்னது பொய்தான். மன்னிச்சுக்கோங்க. உங்களுக்காகத்தான் நின்னேன். போன வெள்ளிக்கிழமையும் நின்னேன், அன்னைக்கு நீங்க டீ குடிக்க நிறுத்தலை. அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை நிறுத்தினீங்க, எனக்குத்தான் கால் எழலை. வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

இறங்குன்னா எப்படி தம்பி, நடு ரோட்ல? டோல்கேட்ல இறங்கிக்கிறேன். உங்களை ஒண்ணும் பண்ண மாட்டேன், நான் என்ன பண்ண முடியும்? என் உடம்பைப் பாருங்க. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அது தெரியாம எனக்கு ராத்திரி தூக்கமில்லை, பகல்ல தையல் நேரா வரமாட்டேங்குது. ஒரு வாடிக்கைக்காரம்மாவுக்கு ரெண்டு கையையும் ஒரே பக்கம் வச்சுத் தச்சுட்டேன்னா பாத்துக்கோங்க.

தண்ணி டேங்க் வந்துடுச்சு. இடது பக்கம். டோல்கேட் பதினொண்ணு.

தபால்காரரைப் பத்தித்தான் கேக்கணும்.

ஏன் இப்படி அழுத்துறீங்க? மெதுவாப் போங்க. முள்ளு எண்பதைத் தாண்டுது. சரி, அது உங்க இஷ்டம். நான் சொல்லி முடிச்சுடறேன்.

அவரு என்னைக் கூப்பிட்டது மொத்தம் நாலு தடவை. இந்த ரோட்ல இருக்கிற ஊர்ங்களுக்கெல்லாம் மொபெட்ல தபால் கொண்டு போறவரு. மொத தடவை பேசும்போதே, மேடம் வணக்கம், நான் தபால்காரன், ஒரு புகார் பதிவு பண்ணணும்னாரு. மத்தவங்க மாதிரி கத்தலை. நிதானமா, நான் எழுதறதுக்கு ஏத்த மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாரு. ரெண்டாவது தடவை, போன புகாருக்கு நடவடிக்கை எடுத்தாச்சா மேடம்னு கேட்டாரு. நான் கூசாம, கண்டிச்சு வச்சிருக்கோம் சார்னு சொன்னேன். மூணாவது தடவையும் அதேதான். சந்தேகமே படலை தம்பி. ஒரு காகிதத்துல விலாசம் எழுதியிருந்தா அது அங்க போய்ச் சேரும்னு வாழ்நாள் பூரா நம்பின மனுஷன். லாரிக்குப் பின்னாடி எழுதியிருந்தா மட்டும் நம்ப மாட்டாரா?

நாலாவது தடவை ஒரு வெள்ளிக்கிழமை. மூணு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கு. நோட்டுல இருக்கு. அவசரத் துணி ஒண்ணு, வாடிக்கைக்காரங்க வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு வந்து உக்காந்துட்டாங்க, அடி நூல் சிக்கி மிஷின் பூரா பந்து பந்தா சுத்திக்கிச்சு. அந்த நேரத்துல போன். மேடம், அதே வண்டி, பாலத்துல இருந்து என்னை விரட்டிக்கிட்டே வருது. இப்ப ரோடு வேலை நடக்கிற எடத்துல மாட்டிக்கிச்சு, நான் முன்னாடி வந்துட்டேன். திரும்பவும் வந்துடும் மேடம், சத்தம் கேக்குது. ஹெல்மெட்டுக்குள்ள போனைச் சொருகிக்கிட்டுப் பேசுறாரு, காத்து சத்தம் வேற. இந்த வளைவு தாண்டினா பெட்ரோல் பங்க் மேடம், அங்க போயிடட்டுமான்னு கேட்டாரு.

கேட்டாரு தம்பி. அவரே கேட்டாரு.

நான் எல்லாருக்கும் சொல்றது அதுதானே? பங்க்ல போய் நில்லுங்கன்னுதானே? அன்னைக்கு என் வாயில வேற வந்துச்சு. நூல் சிக்குன எரிச்சல். வேண்டாம் சார், அங்கேயே ஓரமா நின்னுடுங்க, அவன் போகட்டும், ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டேன். சட்டுனு போனை வச்சிடணும், அவ்வளவுதான் என் நெனப்பு.

நின்னுட்டேன் மேடம்னாரு. மண்ணுல இறங்கி நிக்கிறேன், இருங்க, இந்தத் தடவை முன்னாடி நம்பர் பிளேட்டைப் பாத்துச் சரியாச் சொல்றேன், எழுதிக்கோங்கன்னாரு. வண்டி வர்ற சத்தம் எனக்குக் கேக்குது. முப்பத்திமூணுன்னாரு. எழுபத்தி-ன்னாரு.

கடைசி எண்ணு வரலை. நானே போட்டுக்கிட்டேன்.

இந்த வளைவுதான் தம்பி. பாருங்க, வெள்ளைக் கோடு போட்ட மைல் கல்லு. டோல்கேட் ஆறு. நீங்க அந்தப் பக்கம் பாக்கவே மாட்டேங்குறீங்க.

மறுநாள் பேப்பர்ல வந்துச்சு. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். லாரி மோதி தபால்காரர் பலி, குறுக்கே பாய்ந்ததால் விபத்துன்னு. நீங்க அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கீங்க. பாத்தவங்க யாருமில்லை. நோட்டைத் தூக்கிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அங்க ரைட்டரு நோட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்துட்டு, ஏம்மா, இது சாட்சியா, ஜாக்கெட் அளவான்னாரு. இந்தப் பக்கம் மார்பு முப்பத்தெட்டு, அந்தப் பக்கம் லாரி முப்பத்திமூணு, எதைம்மா கோர்ட்ல காட்டுறதுன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்ச மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு வந்துட்டேன்.

எனக்குத் தெரிய வேண்டியது அதுதான் தம்பி. அவரு நின்னுக்கிட்டு இருந்தாரா, இல்லை மறுபடியும் கிளம்பிட்டாரா? ஒருவேளை, இந்த அம்மா சொல்றது சரிப்படாதுன்னு, பங்குக்கே போயிடலாம்னு வண்டியை எடுத்திருப்பாரோ? எடுத்திருந்தாருன்னா, குறுக்க வந்திருந்தாருன்னா, அது என் பேச்சால இல்லை. அப்படி இருந்துடாதான்னு நான் கும்பிடாத சாமி இல்லை. நீங்க அப்படித்தான்னு சொல்லிட்டா, டோல்கேட்ல இறங்கி என் வழியைப் பாத்துக்கிட்டுப் போயிடுவேன். மறுபடி உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்.

நான் எங்க போய்ச் சொல்லப் போறேன்? சொன்னாலும் யாரு நம்பப் போறா? ஜாக்கெட் அளவுக்காரி. உங்களை மாட்டிவிடவா வந்தேன்? என் மேல பழி இருக்கா இல்லையான்னு கேக்க வந்தேன். அவரை அங்க நிக்கச் சொன்னது நான்.

என்ன?

இன்னொரு தடவை சொல்லுங்க. இஞ்சின் சத்தத்துல கேக்கலை.

நட்டு வச்ச கம்பம் மாதிரி நின்னாரா. ஓ. நான் சொல்லித்தான் அங்க நின்னாரா, அப்ப நான்தான் காரணமா. ஆமா தம்பி. நீங்க சொல்றது சரிதான். ஒழுங்கா பங்குக்குப் போயிருந்தா தப்பிச்சிருப்பாரு, அதுவும் சரிதான். கத்தாதீங்க, கேக்குது.

ரோட்ல இல்லை. மண்ணுல நின்னாரு. நிச்சயமா? உங்க நம்பர் பிளேட்டைப் பாத்து வாயை வாயை அசைச்சுக்கிட்டு நின்னாரா. புகார் சொல்றான்னு தெரிஞ்சுது. உங்களுக்கு எரிச்சல் வந்துடுச்சு. சும்மா ஒரு பயம் காட்டலாம்னுதான் ஓரமா விட்டீங்க. மத்தவங்கன்னா ஓடியிருப்பாங்க. எப்பவும் ஓடிடுவாங்க. இந்த ஆளு ஓடலை. ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்லியிருக்கேன்ல, அதான் ஓடலை.

சரி தம்பி. சரி. போதும்.

இருங்க, தண்ணி குடிச்சுக்கிறேன்.

பெட்... ரோல்... பங்க். பாருங்க, வளைவு தாண்டினதும் எவ்வளவு கிட்ட இருக்கு. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அழலை. கண்ணுல தூசி. நீங்க உண்மையைச் சொன்னதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும். நெசமாத்தான் சொல்றேன். அவரு குறுக்க வரலை. அதை உங்க வாயால கேட்டாச்சு. எனக்கு எது வேணும்னு நெனச்சேனோ அது கிடைக்கலை, ஆனா அது கேக்க வேண்டியவங்களுக்குக் கேட்டிருச்சு.

யாருக்கா? அதான் சொல்ல வந்தேன். பை மடியிலேயே இருக்கட்டும்னு சொன்னேன் பாருங்க. ஏறுறதுக்கு முன்னாடி, அந்த டீக்கடை வாசல்லயே, இந்தப் போன்ல இருந்து நம்ம நம்பருக்குப் போட்டுட்டேன். உங்க வண்டிக்குப் பின்னாடி எழுதியிருக்கே, அதே நம்பருக்கு. வண்டி தாறுமாறாக ஓட்டப்பட்டால் தெரிவிக்கவும்னு போட்டிருக்குல்ல. நூத்தி எண்பத்தி மூணாவது கால் இது. மிஷின் பக்கத்துல போன் இருக்கு. தபால்காரரோட சம்சாரம் அதைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, ஸ்பீக்கரைப் போட்டுக்கிட்டு. பக்கத்துல என் வீட்டுக்காரரு. எதிர்ல அந்த ரைட்டரு, நோட்டைச் சரியான பக்கம் திருப்பி வச்சு எழுதிக்கிட்டு இருப்பாரு. புதுசா வந்திருக்கிற இன்ஸ்பெக்டரம்மா உக்கார வச்சுட்டாங்க. அவங்க மட்டும் அங்க இல்லை. டோல்கேட்ல நிக்கிறாங்க. நான் பாக்கப் போறேன்னு சொன்னேனே ஒருத்தங்களை, அவங்கதான். நாம எங்க வந்துக்கிட்டு இருக்கோம்னு அவங்களுக்குத் தெரியணும்ல, அதுக்குத்தான் போர்டு போர்டாப் படிச்சேன். மனசுக்குள்ளயும் எனக்குப் படிக்க வரும் தம்பி. அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன்ல.

பையைப் பிடுங்காதீங்க. ரெண்டு கையையும் ஸ்டியரிங்ல வைங்க. பிடுங்கினாலும் கேட்டது கேட்டதுதான்.

எனக்குப் பயம் இல்லாம இல்லை. ஆனா உங்களைப் பாத்து இல்லை. தபால்காரரோட சம்சாரத்தை நெனச்சுத்தான். ஒரு மாசமா எங்க வீட்டுக்கு வந்து போயிக்கிட்டு இருக்காங்க. நீங்க ஒருத்தர்தாங்க்கா எங்களுக்காக அலையறீங்கன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவாங்க. புகாரை எழுதினவ நான்னுதான் அவங்களுக்குத் தெரியும். பங்குக்குப் போகட்டுமான்னு அவரு கேட்டதும், வேண்டாம்னு நான் சொன்னதும் இன்னைக்கு வரைக்கும் அவங்களுக்குத் தெரியாது. மூஞ்சியைப் பாத்துச் சொல்ல வாய் வரலை. உங்ககிட்டச் சொல்ற மாதிரி இப்பச் சொல்லியாச்சு.

அம்மா, கேட்டுச்சுங்களா? அவரு குறுக்க வரலைம்மா. நின்னுக்கிட்டுத்தான் இருந்தாரு. நான் சொன்ன எடத்துல நின்னாரு.

இருங்க, போனை எடுத்துக் காதுல வச்சுப் பாக்குறேன். லைன்லதான் இருக்காங்க, மூச்சு சத்தம் கேக்குது.

டோல்கேட் ரெண்டு கிலோமீட்டர். இன்னும் ஏன் இந்த வேகம்? கட்டையைப் போட்டு அடைச்சிருப்பாங்க தம்பி, எங்கயும் போக முடியாது. இவ்வளவு உசரத்துல இருந்து விழுந்தா நீங்களும்தான் பொம்மை. நான் சொல்றதைக் கேளுங்க. வேகத்தைக் குறைச்சு, ஓரமா நின்னுடுங்க. மண்ணுல இறக்கி நிறுத்துங்க.

நான் சொன்னா அவரு கேட்டாரு.